உங்கள் வகுப்பில் யார் பேசுகிறார்கள்? மொழிப் பாடவேளையின் பேச்சைப் பதிந்து, எண்ணி, மாற்றும் வழி

ஒரு பிள்ளை பதில் சொல்லி முடித்த அடுத்த நொடியில் நாம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் மொழிப் பாடத்தின் பெரும்பகுதி இருக்கிறது. கரும்பலகையும் பாடநூலும் அதற்கு அப்புறம்தான். என் வகுப்பை நானே பதிவு செய்து கேட்டபோதுதான் இது எனக்குப் புரிந்தது.

ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை தமிழும் ஆங்கிலமும் எடுக்கிறேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பழகிய ஆசிரியர்கள் பலரோடு உட்கார்ந்து அவர்களுடைய பதிவுகளையும் கேட்டிருக்கிறேன். கீழக்கரையானாலும் பாம்பனானாலும் சாயல்குடியானாலும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பலர் நேராக ஒன்பதாவது படிக்குப் போய், "குழுவா உட்கார்ந்து பேசுங்க" என்று விடுகிறார்கள். இரைச்சல் தாங்காமல் ஒரே வாரத்தில் கைவிடுகிறார்கள். ஆசிரியருக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவனோடு பாடத்தைப் பற்றிப் பேசத் தெரியாது. அந்தப் பழக்கத்தை முதலில் நம் பேச்சிலிருந்து உருவாக்க வேண்டும். முழுவதையும் செய்து முடிக்க ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

குரல் பதிவு வசதி உள்ள ஒரு போன், ஒரு நாற்பது பக்க நோட்டு, வாரத்தில் ஒரு மாலை. இவ்வளவு போதும்.

தலைமையாசிரியரிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். "டீச்சர் எப்படிப் பேசுறேன்னு நான் கேட்கப் போறேன். உங்களுக்கு மார்க் போட இல்லை" என்றால் அவர்களுக்குப் புரியும். பதிவை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. இன்னொரு ஆசிரியரோடு கேட்பதென்றால் நேரில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளின் குரல் நம்மிடம் நம்பிக்கையாக ஒப்படைக்கப்பட்டது.

காணொளி வேண்டாம். கேமராவைப் பார்த்தால் பிள்ளைகளும் மாறுகிறார்கள், நாமும் மாறுகிறோம். ஒலி மட்டும் போதும்.

2. இரண்டு பாடவேளையைப் பதியுங்கள், முதல் பதிவைத் தள்ளுங்கள்

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், வகுப்பின் நடுப் பெஞ்சில் வையுங்கள். வெறும் மரத்தில் வைத்தால் பெஞ்சில் தட்டும் ஒவ்வொரு சத்தமும் இடியாகக் கேட்கும். ஆசிரியர் மேசையில் வைத்தால் உங்கள் குரல் மட்டும் விழும். பின்வரிசையில் பிள்ளைகள் முணுமுணுக்கும் பதில்கள்தான் நமக்குத் தேவை.

கடற்கரைப் பள்ளிகளில் காற்றை மறக்காதீர்கள். ஆடி மாதக் கச்சானிலும் மார்கழி வாடையிலும் ஜன்னலோரம் வைத்த போனில் காற்றைத் தவிர ஒன்றும் பதியாது. மின்விசிறிக்கு நேர் கீழேயும் வைக்க வேண்டாம்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விசைப்படகுகள் கரை திரும்பும் காலையில் சில பிள்ளைகள் விடியுமுன்னே கரைக்குப் போய்விட்டு வந்திருப்பார்கள். அன்றைய முதல் பாடவேளை அவர்களுடைய இயல்பான பேச்சைக் காட்டாது.

முதல் பதிவில் எல்லோரும் நன்றாக நடத்துவார்கள். அது பதிவுக்காக நடத்திய வகுப்பு, அதைத் தள்ளிவிடுங்கள். ஓரிரு நாள் கழித்து, போன் அங்கே இருப்பதே மறந்துபோன நிலையில் எடுக்கும் இரண்டாவது பதிவுதான் உங்கள் வகுப்பு. இந்தக் கட்டத்தில் எதையும் மாற்ற முயற்சி செய்யாதீர்கள். பழைய நிலை எழுத்தில் இல்லாவிட்டால் பிறகு எது மாறியது என்று சொல்ல முடியாது.

3. பத்து நிமிடத்தை மட்டும் எழுதுங்கள்

முழுப் பாடவேளையையும் எழுத உட்கார்ந்தவர்கள் யாரும் முடித்ததில்லை. பத்து நிமிடப் பேச்சை எழுத எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நடுவிலிருந்து, நீங்கள் கேள்வி கேட்டு அவர்கள் பதில் சொல்லும் பத்து நிமிடத்தை எடுங்கள்.

பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். "போயிருச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால் "போய்விட்டது" என்று திருத்தி எழுதாதீர்கள். தமிழாசிரியர்களுக்கு இது சிரமம், கை தானாகவே திருத்தும். ஆனால் திருத்தி எழுதிவிட்டால் எட்டாவது படிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆசிரியருக்கு "ஆ", பிள்ளைக்கு "மா", ஒன்றாகச் சொன்னால் "மா பலர்". அமைதிக்கு அடைப்புக்குறிக்குள் நொடிக் கணக்கு.

என் முதல் நோட்டிலிருந்து ஒரு துண்டு:

ஆ: மீன் பிடிக்க எதைப் பயன்படுத்துவோம்?
மா பலர்: வலை!
ஆ: வெரி குட். வலையைப் பயன்படுத்தி மீன் பிடிப்...
மா பலர்: போம்!
ஆ: அடுத்த பத்தி வாசி.

வகுப்பில் நிற்கும்போது இது உற்சாகமான பாடமாகத் தெரிந்தது. எழுதிப் பார்த்தபோது, 28 பிள்ளைகளும் சேர்ந்து சொன்னது ஒரு சொல்லும் ஒரு விகுதியும் மட்டும்.

4. மூன்றே மூன்றை எண்ணுங்கள்

நிறைய எண்ண ஆரம்பித்தால் சோர்ந்துபோவோம். மூன்று போதும்.

முதலாவது, யார் எவ்வளவு பேசினார்கள். எழுதிய வரிகளை எண்ணினாலே தெரியும். 1960-களில் அமெரிக்க வகுப்பறைகளைக் கவனித்த நெட் ஃபிளாண்டர்ஸ் ஒரு கணக்குச் சொன்னார்: வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. என் பத்து நிமிடத்தில் என் பங்கு அதையும் தாண்டியிருந்தது.

இரண்டாவது, நீங்கள் கேட்ட கேள்விகளில் பதில் உங்களுக்கு முன்பே தெரியாதவை எத்தனை. நான் 47 கேள்வி கேட்டிருந்தேன். பதில் தெரியாமல் கேட்டவை மூன்று: யார் வரவில்லை, சாக்பீஸ் எங்கே, மணி அடித்துவிட்டதா. பாடத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது, எந்தெந்தப் பிள்ளை பேசினார்கள். இருக்கை வரைபடம் ஒன்று போட்டு, தனியாகப் பேசிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வையுங்கள். பெரும்பாலும் முன்வரிசையிலும் நடுவிலும் ஒரு முக்கோணமாகப் புள்ளிகள் கூடும். ஜன்னலோரமும் கடைசிப் பெஞ்சும் வெறுமையாக இருக்கும். இந்த வரைபடத்தைப் பத்திரமாக வையுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

இங்கே பெரும்பாலானோர் செய்யும் தவறு வெட்கப்பட்டு நோட்டை மூடிவிடுவது. ஒரு மூத்த ஆசிரியை தன் பதிவைக் கேட்டுவிட்டு, "இருபது வருஷமா நான் மட்டும்தான் பேசியிருக்கேனா?" என்றார். அவர் வகுப்பில் பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். இந்த எண்கள் நாம் எங்கிருந்து தொடங்குகிறோம் என்று காட்டுகின்றன, அவ்வளவுதான்.

5. முதல் மாற்றம்: மூன்று நொடி அமைதி

கேள்வியை மாற்றுவதற்கு முன் அமைதியைப் பழகுங்கள். எவ்வளவு நல்ல கேள்வியானாலும் யோசிக்க நேரம் இல்லாவிட்டால் பதில் ஒரு சொல்லைத் தாண்டாது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, கேட்காமலே பேசும் பிள்ளைகள் கூடினார்கள். அவர் அளந்தவை அறிவியல் வகுப்புகள். மொழி வகுப்பில் இன்னும் கூடுதல் நேரம் தேவை என்பது என் அனுபவம். பிள்ளை பதிலை யோசிப்பதோடு அதைச் சொல்லும் சொற்களையும் தேட வேண்டியிருக்கிறதே.

காத்திருக்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று உங்கள் கேள்விக்குப் பிறகு. இன்னொன்று பிள்ளை பதில் சொல்லி நிறுத்திய பிறகு. இரண்டாவதை எல்லோரும் மறக்கிறார்கள். ஆனால் "அப்புறம் டீச்சர்..." என்று பிள்ளை தொடர்வது அந்த இடத்தில்தான்.

மனதுக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுங்கள். முதல் இரண்டு நாள் அந்த மூன்று நொடி பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போனதைப் போல நீளும். கையை எதிலாவது வைத்துக்கொள்ளுங்கள், சாக்பீஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாயைத் திறக்காதீர்கள். அமைதி தாங்காமல் கேள்வியையே வேறு சொற்களில் மறுபடி கேட்பதுதான் இங்கே வழக்கமான தவறு. பிள்ளை முதல் கேள்விக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கேள்வி வந்து அதைக் கலைத்துவிடும்.

அடுத்தது கோரஸ். நம் வகுப்புகளில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. காலமும் யார் செய்தார் என்பதும் அந்தக் கடைசித் துண்டில் இருக்கின்றன. நாம் "பெயரைக் குறிப்பது பெயர்ச்..." என்று இழுத்து நிறுத்துகிறோம், பிள்ளைகள் "சொல்!" என்று முடிக்கிறார்கள். "நாளைக்கு நாம் போ..." என்கிறோம், "வோம்!" என்கிறார்கள். வாக்கியத்தை நாம் கட்டிவிட்டு வாசல் கதவை மட்டும் அவர்களை மாட்டச் சொல்கிறோம். கவனிக்காத பிள்ளைகூட அந்த இழுப்பைக் கேட்டுச் சரியாக முடித்துவிடுவான். அதனால் கோரஸை வைத்துப் புரிந்ததா என்று கணிக்க முடியாது.

பாட்டுக்கும் வாய்பாட்டுக்கும் கோரஸ் இருக்கட்டும். மற்ற இடங்களில் பாதி வாக்கியத்தில் நிறுத்துவதை விட்டுவிடுங்கள். கேள்வியை முழு வாக்கியமாகக் கேளுங்கள், மூன்று நொடி காத்திருங்கள், அதற்குப் பிறகு ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலிலேயே சொன்னால் மற்ற 27 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

6. ஒரு பாடவேளைக்கு ஒரு நிஜக் கேள்வி

எல்லாக் கேள்விகளையும் மாற்ற வேண்டாம். பதில் தெரிந்த கேள்விக்கும் வேலை உண்டு: பாடத்தை நினைவுபடுத்த, வாசித்தது விளங்கியதா என்று பார்க்க. ஆனால் ஒரு பாடவேளையில் ஒரு கேள்வியாவது பதில் உங்களுக்கு நிஜமாகவே தெரியாததாக இருக்கட்டும். அதை முதல் நாளே நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வகுப்பில் நின்று யோசித்தால் பழைய கேள்விதான் வாயில் வரும்.

நான் பரமக்குடிப் பக்கம் பிறந்தவள். கடல் எனக்கு வேலைக்கு வந்த பிறகு தெரிந்தது. இந்தப் பிள்ளைகளிடம் "மீன் எங்கே வாழும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் அவர்கள். எந்தப் பாறையில் எந்தப் பாசி கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதது என் வகுப்பில் ஒரு கருவியாகப் பயன்படும் என்று புரிய வெகுநாள் ஆனது.

தெரியாதது போல நடிக்காதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் இதே கரையில் பிறந்தவர் என்றால் ஊர் விஷயத்தைக் கேட்காமல் கருத்தைக் கேளுங்கள்: "இந்தக் கதையில் அந்தப் பாட்டி பொய் சொன்னது சரியா?" அதற்கு அவர்கள் சொல்லப்போகும் பதில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

7. மூன்றாவது பேச்சு

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். வகுப்பறைப் பேச்சு பெரும்பாலும் மூன்று துண்டாக ஓடுகிறது: ஆசிரியர் கேட்கிறார், பிள்ளை சொல்கிறது, ஆசிரியர் அதைப் பற்றி ஏதோ சொல்கிறார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் சின்க்ளேர், கூல்தார்ட் இருவரும் 1975-இல் இதை வகுத்துக் காட்டினார்கள். முதல் துண்டை எல்லோரும் தயார் செய்கிறோம். மூன்றாவதை யாரும் தயார் செய்வதில்லை, அது வாயிலிருந்து தானாக வருகிறது. "சரி", "குட்", "வெரி குட்", "உட்காரு". இவை அன்பான சொற்கள்தான். ஆனால் பிள்ளையின் காதில் "பேச்சு முடிந்தது" என்றே விழுகின்றன.

அந்த இடத்தில் சொல்வதற்கு நாலு விஷயங்களைப் பழகிக்கொள்ளுங்கள். வெறும் "ம்ம்" சொல்லிக் காத்திருப்பது. "அது எப்படி?" என்று ஒரு படி உள்ளே போவது. "இவன் சொன்னதுக்கு நீ என்ன சொல்றே?" என்று இன்னொரு பிள்ளையிடம் தள்ளுவது. பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே கரும்பலகையில் எழுதுவது. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும். நாலையும் ஒரே நாளில் முயன்றால் எதுவும் படியாது.

அதே மீன்பிடிப் பாடம், அதே வகுப்பு, மூன்று வாரம் கழித்து:

ஆ: கரைவலை இழுக்கிறதை நான் கிட்ட நின்னு பார்த்ததில்லை. எப்படி இழுப்பாங்க?
(4 நொடி)
மா 1: வலைய கொண்டு போயி கடல்ல விடுவாக டீச்சர்.
ஆ: ம்ம்.
(3 நொடி)
மா 1: வளைச்சு விடுவாக. ஒரு கயிறு கரையில இருக்கும். வல்லத்துல போயி சுத்தி வந்து இன்னொரு கயித்த அங்கிட்டு கொண்டாந்து குடுப்பாக.
ஆ: ரெண்டு கயிறு எதுக்கு?
மா 2: ரெண்டு பக்கமும் இழுத்தாத்தான் வலை சேரும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தா மீனு ஓடிப்போயிரும்.
மா 1: இழுத்துக்கிட்டே கிட்ட கிட்ட வருவாக. கடைசில மடி வந்துரும்.
ஆ: மடின்னா?
மா 3: மீனு சேருற பை டீச்சர்.

முதல் பையன் அதுவரை வகுப்பில் ஒரு சொல்லுக்கு மேல் பேசாதவன். இங்கே ஒரு வேலையின் வரிசையை, காரணத்தோடு, இடங்காட்டும் சொற்களோடு சொல்லியிருக்கிறான். கட்டுரைக்கு நாம் கேட்பது இதைத்தான். நான் சேர்த்தது ஒரு "ம்ம்", இரண்டு சின்னக் கேள்விகள்.

"மடி" என்ற சொல்லைப் பலகையில் எழுதி, "வேற எங்கெல்லாம் மடி வரும்?" என்று விட்டேன். அம்மா மடி, மாட்டு மடி, வேட்டி மடியில் காசு, காகிதத்தை மடி. "கடைசியில் சொன்னது வேலை டீச்சர், மத்ததெல்லாம் பொருள்" என்று ஒரு பிள்ளை சொன்னாள். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்தன.

இங்கே எச்சரிக்கை ஒன்று. "ஏன்?" என்பதை எல்லாப் பதிலுக்கும் போடாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு "ஏன் அப்படிச் சொன்னே?" என்றால் விசாரணை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நான் மறுபடி கேட்டா நீ சொன்னது தப்புன்னு அர்த்தமில்லை, இன்னும் தெரிஞ்சுக்கணும்னு அர்த்தம்." இதைச் சொல்லாமல் தொடங்கியவர்கள் எல்லோரும், பிள்ளைகள் முன்னைவிடக் குறைவாகப் பேசுவதைத்தான் பார்த்தார்கள்.

8. எதைத் திருத்துவது, எப்படி

முதலில் வகை பிரியுங்கள். வீட்டுப் பேச்சு பிழை கிடையாது. "வந்தாக", "அங்கிட்டு", "போயிருச்சு" எல்லாம் இந்த மண்ணின் தமிழ். பேசும்போது அவற்றைத் திருத்தாதீர்கள். எழுத்துக்குப் போகும்போது மட்டும் வேறு வடிவம் வேண்டும்.

பிள்ளையின் வீட்டுச் சொல்லில் கை வைத்தால் பேச்சு எப்படி நின்றுபோகும் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். கீழக்கரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு சிறுமி, "காக்கா கொண்டாந்து விட்டாங்க" என்றாள். அவள் வீட்டில் காக்கா என்றால் அண்ணன். வகுப்பு சிரித்தது, பாடம் எடுத்துக்கொண்டிருந்தவரும் சிரித்துவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு ஒருவர் "காக்கான்னா உங்க வீட்டுல யாரு?" என்று கேட்டிருந்தால் வாப்பா, உம்மா, லாத்தா என்று ஒரு உறவுமுறைப் பாடமே அவளிடமிருந்து கிடைத்திருக்கும்.

அதனால் பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் "பேச்சு", வலப்பக்கம் "எழுத்து". கரைவலைப் பேச்சிலிருந்து "விடுவாக" இடப்பக்கம், "விடுவார்கள்" வலப்பக்கம். "கயித்த" என்பதற்கு எதிரே "கயிற்றை". "அங்கிட்டு" என்பதற்கு எதிரே "அந்தப் பக்கம்". வலப்பக்கத்தைப் பிள்ளைகளே நிரப்பட்டும். நாலைந்து பாடவேளையில் "-ஆக" வந்தால் "-ஆர்கள்" என்று அவர்களாகவே ஒரு விதியைக் கண்டுபிடிப்பார்கள். இடப்பக்கத்தின் மேல் சிவப்புச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள். அந்தக் கோடு சொல்லின் மேல் விழுவதாகப் பிள்ளை நினைக்காது, தன் அம்மாவின் மேல் விழுவதாக நினைக்கும்.

எழுத்தில் வரும் "பளம்", "வாளை மரம்" போன்றவை வேறு வகை. இங்கே பலர் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கும். காதால் பிரிக்க முடியாத பிள்ளையிடம் "நல்லா உச்சரி" என்றால் பயனில்லை. வாளை மீனையும் வாழை மரத்தையும் படம் போட்டு, கண்ணால் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள்.

ஆங்கிலத்தில் வரும் பிழைக்கு முறை வேறு. "யெஸ்டர்டே ஐ கோ டு சீ டீச்சர்" என்கிறான் பையன். நாம் "குட், யு வென்ட் டு த சீ" என்கிறோம். அவன் "யெஸ் டீச்சர்" என்று உட்காருகிறான். திருத்தினோம் என்று நாம் நினைக்கிறோம், பாராட்டினார் என்று அவன் நினைக்கிறான். கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவு செய்த லிஸ்டர், ரான்டா இருவரும் 1997-இல் இதையே காட்டினார்கள்: ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இப்படிச் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டுத் தங்கள் வாயால் சரிசெய்த பிள்ளைகள் குறைவு. பிள்ளையிடமிருந்தே வரவழைக்கும் கேள்விதான் கூடுதல் பலன் தந்தது.

ஆக, "யெஸ்டர்டே, ஐ...?" என்று நிறுத்தி மூன்று நொடி காத்திருங்கள். வராவிட்டால், "நேத்து நடந்ததுக்கு 'கோ' எப்படி மாறும்?" என்று தமிழிலேயே ஒரு குறிப்பு. அதுவும் வராவிட்டால் நீங்களே சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். (ஐந்தாவது படியில் வேண்டாம் என்ற பாதி வாக்கியம் இங்கே சரி. இங்கே ஒரே பிள்ளையிடம் கேட்கிறோம், அவன் தானே கட்டிய வாக்கியத்தை.) ஒரு பேச்சுக்கு ஒரு திருத்தம் மட்டும். அன்றைய பாடம் இறந்தகாலம் என்றால் மற்றப் பிழைகளை விட்டுவிடுங்கள்.

ஆங்கில வகுப்புக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் பின்னால் உடனே தமிழைச் சொல்லாதீர்கள். பதிவைக் கேட்டால் தெரியும், தமிழ் வந்த பிறகுதான் பிள்ளைகள் அசைகிறார்கள். ஆங்கிலம் அவர்களுக்குத் தமிழுக்கு முன் வரும் சத்தம் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் சொல்லி, சைகை காட்டி, காத்திருந்து, "டீச்சர் என்ன சொன்னேன்?" என்று ஒரு பிள்ளையைத் தமிழில் சொல்ல வையுங்கள். தமிழ் வகுப்பில் இருக்கட்டும், அது பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும்.

9. இப்போது பிள்ளைகள் தங்களுக்குள்

இருவராகத் தொடங்குங்கள். நால்வர் குழுவில் ஒருவர் பேசுவார், இருவர் கேட்பார்கள், ஒருவர் வெளியே பார்ப்பார். இருவரில் ஒளிய இடமில்லை. நேரம் இரண்டு நிமிடம். "அஞ்சு நிமிஷம் பேசுங்க" என்றால் மூன்றாவது நிமிடத்தில் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

"பேசுங்க" என்பது ஒரு வேலை ஆகாது. ஒருவரிடம் இருப்பது மற்றவருக்குத் தேவையாக இருக்க வேண்டும். நான் மீன் ஏலத்தை வைத்து ஒன்று செய்கிறேன். ஒரு சீட்டில் நகரை, பாறை, சூடை, கணவாய் ஆகியவற்றின் விலை இருக்கும். இன்னொரு சீட்டில் கையில் உள்ள பணமும் வீட்டில் எத்தனை பேர் என்பதும் இருக்கும். சீட்டைக் காட்டாமல் கேட்டு, பேரம் பேசி, வாங்க வேண்டும். தமிழிலும் நடத்தலாம், ஆங்கிலத்திலும் நடத்தலாம். ஏலக்கரையில் நின்று கேட்ட பிள்ளைகளுக்குப் பேரத்தைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

மறுத்துப் பேசத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. "போடா, தப்பு" என்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. மூன்று தொடக்கங்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: "நீ சொன்னதில் இது சரி, ஆனால்...", "எனக்கு அப்படித் தோணலை, ஏன்னா...", "இன்னொரு தடவை சொல்லு, புரியலை." முதல் வாரம் செயற்கையாக இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

இரண்டு நிமிடம் முடிந்ததும், "உன் ஜோடி என்ன சொன்னாள்?" என்று கேளுங்கள். தான் சொன்னதைச் சொல்லச் சொன்னால் கேட்காமல் இருந்தவனும் தப்பிவிடுவான். இது கேட்க வைக்கும். கூடவே "அவள் ... என்று சொன்னாள்" என்ற கூற்று வாக்கியமும் பழகும்.

10. மறுபடி பதியுங்கள்

ஆறாவது வாரத்தில், முதலில் பதிந்தது போன்ற ஒரு பாடத்தை எடுத்து, அதே போல் பத்து நிமிடம் எழுதுங்கள். உங்கள் பேச்சு பாதியாகக் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. வேறு மூன்றைப் பாருங்கள்: ஒரு பிள்ளையின் மிக நீண்ட பேச்சு எத்தனை சொல், இருக்கை வரைபடத்தில் புதிதாகப் புள்ளி விழுந்த இடங்கள் எவை, பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எத்தனை. கடைசி எண் பெரும்பாலும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இரண்டோ மூன்றோ ஆனால் அது பெரிய மாற்றம்.

ஒப்பிட்டு முடித்ததும் ஒலிப்பதிவுகளை அழித்துவிடுங்கள். நோட்டு போதும்.

என் இரண்டாவது வரைபடத்தில் ஜன்னலோரக் கடைசிப் பெஞ்சில் ஒரு புள்ளி இருக்கிறது. எழுதிய வரி இது: "டீச்சர், வாடைக்காத்துன்னு சொல்றோம், வாடைன்னாலே காத்துதானே, எதுக்கு ரெண்டு தடவை?" எனக்கு அதற்கு ஒரு பதில் தெரியும். சொல்லாமல் "வாடை" என்று மட்டும் பலகையில் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நொடி கழித்து நடுப் பெஞ்சிலிருந்து ஒருவன், "மீனு வாடையும் இருக்குல்ல, அதான் காத்துன்னு சேர்த்துச் சொல்றோம்" என்றான். அவள் அவனைப் பார்த்து, "எனக்கு அப்படித் தோணலை, ஏன்னா..." என்று ஆரம்பித்தாள்.